நாசிக் திராட்சைத் தோட்டமும் மும்பைக் கூட்டமும்

கேள்வி: மும்பையிலிருந்து நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கவே காசு கொடுத்து வருகிறார்களாமே? எங்களிடம் 2 ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது. ஒயின் ரகத்துக்கு மாறினால் அதுபோல வருமானம் கிடைக்குமா?
- கம்பம் பள்ளத்தாக்கு வாசகர்

பதில்: கூட்டம் வருவது உண்மைதான். மும்பையிலிருந்து நாசிக் சுமார் 170 கி.மீ. சனி, ஞாயிறு வந்துவிட்டால் கங்காபூர் அணைப் பக்கம் உள்ள ஒயின் ஆலைகளில் கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். அங்கே முன்னோடியான சுலா நிறுவனம், தோட்டத்திலேயே ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் கூடத்தை 2005-ல் திறந்தது. பிறகு உணவகம், தங்கும் அறை எல்லாம் வந்தன. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடைக் காலம். அப்போது தொட்டியில் பழத்தைக் கொட்டி, விருந்தினரைக் காலால் மிதிக்க விடுவார்கள். அது வேடிக்கைக்கு, ஒயினுக்குப் பழம் பிழிவதெல்லாம் இயந்திரம்தான்.

ஆனால் நுழைவுக் கட்டணமும் சாப்பாட்டுக் காசும் ஆலைக்குப் போகின்றன. ஆலைக்குப் பழம் கொடுக்கும் விவசாயிக்குக் கிடைப்பது கிலோவுக்குப் பேசிய விலை மட்டுமே. வாசகர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஷெனின் பிளாங்க், ஷிராஸ், கேபர்நே சாவிஞான் போன்ற ஒயின் ரகங்களின் பழம் சிறியது, விதை உள்ளது. சாப்பிடும் பழத்தைப் பெரிதாக்க ஜிப்ரலிக் அமிலத்தில் முக்குகிறோம். இதற்கு அது வேண்டாம், அந்தச் செலவு மிச்சம். ஆனால் விளைச்சலைக் குறைத்து, சர்க்கரையை 22 பிரிக்ஸ் அளவுக்கு ஏற்ற வேண்டும். விடியற்காலையில் வெட்டிச் சில மணி நேரத்தில் ஆலையில் சேர்க்க வேண்டும். ஆலை வாங்காவிட்டால் அந்தப் பழத்தைச் சந்தையில் சீந்துவாரில்லை. தாம்சன் சீட்லெஸ் போட்டவருக்கு ஏற்றுமதி போனால் உள்ளூர்ச் சந்தை, அதுவும் போனால் உலர்திராட்சை என்று வழி உண்டு. ஒயின் ரகக்காரருக்கு ஒரே வாசல்.

அந்த வாசல் ஒருமுறை அடைபட்டது. மகாராஷ்டிர அரசு 2001-ல் ஒயின் தொழிலுக்குச் சலுகை அறிவித்ததும் ஆலைகள் பெருகின, விவசாயிகளும் போட்டி போட்டு நட்டார்கள். 2008-ல் பொருளாதார மந்தம். அதே நவம்பரில் மும்பைத் தாக்குதல், சுற்றுலாவும் படுத்தது. ஒயின் தேங்கியது, பல ஆலைகள் பழம் எடுக்கவில்லை. விவசாயிகள் பலர் கொடியைப் பிடுங்கினார்கள், அல்லது சாப்பிடும் ரகத்துக்கு மாறினார்கள். நட்டுக் காய்க்க வைக்க இரண்டு வருடம், பிடுங்க இரண்டு நாள்.

நம் ஊரில் இன்னொரு தடையும் உண்டு. மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம். தோட்டத்தில் மேசை போட்டு ஒயின் ஊற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சி விற்பதும் குற்றம். 'கொஞ்சம்தானே' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

அதனால் பன்னீர் கொடியில் கை வைக்க வேண்டாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. நாசிக்கில் வருடத்துக்கு ஒரே அறுவடை. உங்கள் பள்ளத்தாக்கில் எந்த மாதமும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் தொங்கும். தேக்கடிக்கும் சுருளி அருவிக்கும் போகிறவர்கள் ஏற்கெனவே பந்தலுக்கடியில் படம் எடுக்க வண்டியை நிறுத்துகிறார்கள். அவர்களிடம் நீங்களே பழம் விற்கலாம். ஒன்றில் மட்டும் கண்டிப்பு தேவை: மருந்து அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியாத வரிசைக்குள் யாரையும் விடக் கூடாது. பார்க்க வருபவர்கள் கழுவாமலே பறித்து வாயில் போடுவார்கள், அதுவும் குழந்தைகள். பார்வையாளருக்கென நாலு வரிசையைத் தனியாகக் கவாத்து செய்து, கயிறு கட்டிப் பிரித்துவிடுங்கள். குலையை நீங்களே வெட்டி எடை போட்டுக் கொடுங்கள். அவர்கள் இழுத்தால் கொடி கிழியும்.

அப்படியும் ஆலை ஒன்று ஒப்பந்தத்தோடு வந்தால், விலையோடு நிறுத்தாமல் இவற்றையும் எழுத்தில் கேளுங்கள். பிரிக்ஸை யார், எங்கே அளப்பது? குறைந்தால் எவ்வளவு பிடித்தம்? ஆலை வெட்டும் தேதியைத் தள்ளிப்போட்டு எடை குறைந்தால் யார் கணக்கு? பணம் எத்தனை நாளில்?

நாசிக் போவதானால் பிப்ரவரியில், வார நாளில் போங்கள். ஆலையைப் பார்த்த கையோடு பிம்பல்காவ் பஸ்வந்த் சந்தைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். திராட்சை விலை பேசுவதை அங்கே நேரில் கேட்கலாம். திரும்பும் வழியில் புனே அருகே மாஞ்சரியில் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மண், நீர்ப் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.