27 வயசில் ரிட்டயர்மெண்ட்

இரண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அபார்ட்மெண்ட் பாஸ்கெட்பால் கோர்ட்டில் ஒரு சின்ன பஞ்சாயத்து. (புனேயில் கோர்ட் உள்ள குடியிருப்பு கிடைப்பதே பெரிய விஷயம். ஒரு பக்க ரிங்கில் வலை இருக்காது, இன்னொரு பக்கம் எப்போதும் யாராவது ஸ்கூட்டரை நிறுத்தி வைத்திருப்பார்கள். இருந்தாலும் கோர்ட் கோர்ட்தானே!) சாயங்காலம் அங்கே வரும் பசங்களுக்கு எனக்குத் தெரிந்த நாலு விஷயத்தைச் சொல்லிக் கொடுப்பது பல வருஷமாக எனக்குப் பழக்கம். அதில் ஒரு மராத்திப் பையன். பதினாறு வயசு, நல்ல உயரம், கையில் பந்து பேசும். அடுத்த வாரம் அவனுக்கு மாவட்ட அணி செலக்‌ஷன். ஆனால் வலது முட்டி வீங்கியிருக்கிறது. ஒரு மாசமாக வலியை மறைத்து ஆடியிருக்கிறான்.

அவன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்தியில் கேட்டார். "ஒரு பெயின் கில்லர் போட்டு, முட்டிக்கு உறை மாட்டிக்கிட்டு ஆடினா இந்த ஒரு வாரத்தைத் தாண்டிடலாமில்லையா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம், இதே கேள்விக்கு ஒரு காலத்தில் எனக்கு நானே "தாண்டிடலாம்" என்று பதில் சொல்லிக்கொண்டவன் நான். அந்தக் கதைக்கு முன்னால் பிராண்டன் ராய் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என்.பி.ஏ. பார்க்காதவர்களுக்காக: ராய் அமெரிக்காவின் சியாட்டில்காரர். 2006 டிராஃப்டில் ஆறாவது ஆளாக எடுக்கப்பட்டு, அன்றைக்கே கைமாறி போர்ட்லண்ட் டிரெயில் பிளேஸர்ஸ் அணிக்கு வந்தார். முதல் சீசனிலேயே சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது. 2008, 2009, 2010 என்று வரிசையாக மூன்று வருஷம் ஆல்-ஸ்டார். 2008 டிசம்பரில் ஃபீனிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 52 பாயிண்ட். குதித்துக் கூத்தாடும் ரகம் கிடையாது. அவசரமே படாமல், எதிராளி எங்கே கால் வைப்பான் என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி நகர்ந்து நகர்ந்து உள்ளே போய்விடுவார். 2009 ஆகஸ்டில் அணி அவருக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் கொடுத்தது. சுமார் 8 கோடி டாலர். அப்போது அவருக்கு வயசு 25.

2010 ஏப்ரலில், பிளே-ஆஃப் ஆரம்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது, வலது முட்டியில் மெனிஸ்கஸ் கிழிந்தது. ஆபரேஷன். இந்த சீசன் அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்தோம். ஆபரேஷன் முடிந்த எட்டாவது நாள் மனுஷன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கோர்ட்டில் வந்து நிற்கிறார்! ஃபீனிக்ஸுக்கு எதிரான நாலாவது ஆட்டம். பெஞ்சிலிருந்து வந்து 10 பாயிண்ட். போர்ட்லண்ட் ஜெயித்தது. அரங்கம் எழுந்து நின்று கத்தியது. இங்கே ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் நின்று "அவன்தாண்டா ஆம்பள!" என்று கத்தியவன் நான். கடைசியில் அந்தத் தொடரில் போர்ட்லண்ட் 4-2 என்று தோற்றது. அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? எட்டாவது நாள் வந்தான் பார், அதுதான் ஞாபகம்.

அடுத்த சீசனில் இரண்டு முட்டியும் மக்கர். 2011 ஜனவரியில் இரண்டிலும் ஆர்த்ரோஸ்கோபி. பிப்ரவரி கடைசியில் மறுபடி வந்தார். பழைய ராய் இல்லை, பெஞ்ச் ஆட்டக்காரர். டாலஸுக்கு எதிரான பிளே-ஆஃபில் ஒரு ஆட்டத்தில் எட்டு நிமிஷம்கூட முழுசாக ஆடவில்லை, ஒரு பாயிண்ட் இல்லை.

அதே தொடரில் நாலாவது ஆட்டம், 2011 ஏப்ரல் 23. நமக்கு ஞாயிறு அதிகாலை. ஒரு கட்டத்தில் போர்ட்லண்ட் 23 பாயிண்ட் பின்னால். கடைசி கால் பாகம் தொடங்கும்போது 18 பின்னால். தூங்கப் போயிருக்க வேண்டியவன் ஏனோ போகவில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் ராய் மட்டும் 18 பாயிண்ட் அடித்தார். ஸ்கோரைச் சமன் செய்த ஷாட்டும் அவருடையது, ஜெயிக்க வைத்த ஷாட்டும் அவருடையது. 84-82. ஹாஸ்டல் காலத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் ஒரு ஆட்டத்துக்காக எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

எட்டு மாசம் கழித்து, 2011 டிசம்பரில், ஓய்வு பெறுவதாக அறிவிப்பு. முட்டியில் எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க வேண்டிய குருத்தெலும்பு இரண்டு காலிலும் தேய்ந்து போயிருந்தது. டாக்டர்கள் நிறுத்தச் சொன்னார்கள். வயசு 27.

இதில் முட்டியின் சமாச்சாரம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் அந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் இல்லாததால் தேய்ந்தது தானாகப் பழையபடி வளராது. நரம்பு இல்லாததால் அது தேயும்போது நேரடியாக வலிப்பதும் இல்லை. உள்ளே எலும்பு வரை விஷயம் போன பிறகோ, சுற்றியுள்ள சவ்வு வீங்கிய பிறகோதான் வலி தெரியும். அதாவது, வலி என்பது முதல் மணி இல்லை, கிட்டத்தட்டக் கடைசி மணி. நாம் பெயின் கில்லர் போட்டு அமுக்குவது அந்தக் கடைசி மணியைத்தான். ஒவ்வொரு தடவை குதித்து இறங்கும்போதும் உடம்பு எடையைப் போலப் பல மடங்கு பாரம் அதே இடத்தில் விழுகிறது.

எட்டாவது நாள் ஆடியதால்தான் ராயின் முட்டி போனதா? அப்படிச் சொல்ல மாட்டேன். காலேஜிலேயே அவருக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. எப்படியும் போயிருக்கலாம். ஆனால் அந்த எட்டாவது நாளை நாங்கள் கொண்டாடினோமே, அது தப்பு. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஏனென்றால் அந்தக் கைத்தட்டல் போர்ட்லண்டோடு நிற்கவில்லை. அதே வருஷக் கடைசியில் எங்கள் ஊர் ஐ.டி. கம்பெனிகளுக்குள் ஒரு டோர்னமெண்ட். எனக்கும் மெனிஸ்கஸ் கிழிசல். மூன்று மாசம் பந்தைத் தொடாதே என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். செமி-ஃபைனல் வந்தது. "நீ இல்லாட்டி கஷ்டம் பாஸ்" என்றார்கள் டீம் பசங்க. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "எட்டு நாள்ல அவனே வந்தான், எனக்கு ஆறு வாரம் ஆச்சு" என்று நானே உறையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது பாதியில் முட்டி பூட்டு போட்ட மாதிரி மடங்கி நின்றுவிட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆபரேஷனில் பாதி மெனிஸ்கஸை வெட்டி எடுத்தார்கள்.

அந்தக் கோப்பை எந்த கம்பெனிக்குக் கிடைத்தது என்று இன்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் முட்டி ஞாபகப்படுத்தும். கல்யாணப் பந்தியில் தரையில் பாய் விரித்தால் நான் மட்டும் சேர் தேடுவேன். திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு என் பெண் ஏறிப் போவாள், நான் கீழே செருப்புக்குக் காவல். :-)

இதுவரை படித்தவர்கள், "புரியுது, வலியோட ஆடாதேன்னு சொல்ல வர்ற" என்பீர்கள். அது பாதிதான். அதைச் சொல்வது சுலபம். கஷ்டமான பாதி இனிமேல்தான்.

ராய் ஏன் நிறுத்த முடிந்தது? தைரியம் ஒரு காரணம், சந்தேகமே இல்லை. 27 வயசில் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலை விடுவது லேசா? ஆனால் இன்னொரு காரணம், என்.பி.ஏ. ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு உத்தரவாதம் உண்டு. 2011 லாக்-அவுட் முடிந்து வந்த புது விதிகளில் 'அம்னெஸ்டி' என்று ஒரு ஷரத்து இருந்தது. அதன்படி அணி ஒரு ஆட்டக்காரரை விடுவித்தால், பாக்கி ஒப்பந்தத்துக்கு அவருக்குச் சேர வேண்டிய பணம் சேர்ந்துவிடும், ஆனால் அது அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் ஏறாது. போர்ட்லண்ட் அதை ராய்க்குப் பயன்படுத்தியது. நாலு வருஷ ஒப்பந்தம் பாக்கி இருந்தது. முட்டி போனதால் அடுப்பு அணையவில்லை.

அப்படி இருந்தும் ஆசை விட்டதா? 2012இல் மின்னசோட்டா அணிக்குத் திரும்பி வந்தார். ஐந்தே ஆட்டம். மறுபடி முட்டி, மறுபடி ஆபரேஷன், அதோடு முடிந்தது. மொத்தம் 326 ஆட்டங்கள். பணக்கவலை இல்லாத ஆளுக்கே 'இனி இல்லை' என்று சொல்ல இரண்டு தடவை தேவைப்பட்டது. அப்படியென்றால் "ஆட முடியுமா?" என்ற கேள்வியை ஆட்டக்காரனிடம் கேட்பதிலேயே அர்த்தமில்லை. அவன் எப்போதும் முடியும் என்றுதான் சொல்வான். முடியாது என்று சொல்ல வேறு யாராவது இருக்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்ததே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில்தான். (கட்-ஆஃப் எவ்வளவு என்று யாரும் கேட்க வேண்டாம், ப்ளீஸ்.) என்னோடு ஆடியவர்கள் பலர் ரயில்வே, போலீஸ், பேங்க் என்று அதே வழியில் வேலைக்குப் போனார்கள். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்ட ஏற்பாடு. ஆனால் அந்த வாசலுக்குள் நுழைய சர்ட்டிஃபிகேட் வேண்டும், சர்ட்டிஃபிகேட்டுக்கு இந்த வருஷம், இந்த வாரம், இந்த செலக்‌ஷனில் ஆட வேண்டும். வீங்கிய முட்டிக்கு அங்கே காலம் ஒதுக்கப்படவில்லை. அதனால் பதினாறு வயசுப் பையன் வலியை மறைக்கிறான். அப்பா மாத்திரை கேட்கிறார். அவர் கெட்டவர் இல்லை, கணக்குப் போடுகிறார். ஒரு முட்டியா, ஒரு வேலையா?

'வலியோடு ஆடாதே' என்று அறிவுரை சொல்லும் நாம், ஆடாமல் நின்றால் அவன் இழப்பதற்கு என்ன ஈடு வைத்திருக்கிறோம்? செலக்‌ஷன் நாளில் அடிபட்டுக் கிடக்கும் பையனுக்கு, டாக்டர் சீட்டைப் பார்த்து மூன்று மாசம் கழித்து இன்னொரு வாய்ப்பு கொடுத்தால் வானம் இடிந்து விழாது. கோட்டாவில் சேர்ந்த பையன் காலேஜுக்காக ஆடி முட்டியை உடைத்துக்கொண்டால், சீட்டும் சலுகையும் படிப்பு முடியும் வரை அவனுக்கே என்று எழுத்தில் கொடுக்கலாம். ஆபரேஷன் செலவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். இதெல்லாம் கோடி டாலர் விஷயமில்லை. நிறுத்துவதற்கு ஒரு வழி வைத்துவிட்டு அப்புறம் நிறுத்தச் சொன்னால்தான் அது அறிவுரை. இல்லாவிட்டால் வெறும் பேச்சு.

ராய் அப்புறம் என்ன ஆனார் என்று கேட்பவர்களுக்கு: சியாட்டிலில் நேதன் ஹேல் என்ற பள்ளிக்கு 2016இல் கோச்சாகப் போனார். அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 29-0, மாநிலச் சாம்பியன். அடுத்து, தான் படித்த கார்ஃபீல்டு பள்ளிக்கு வந்து 2018இல் அங்கேயும் மாநிலப் பட்டம். 27 வயசில் ஆட்டம் நின்றதே தவிர, ஆள் நிற்கவில்லை.

அந்த அப்பாவிடம் என்ன சொன்னேன்? "வேண்டாம் சார்" என்றேன். "இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் கிடைக்கும்னு நீங்க எழுதித் தருவீங்களா?" என்றார். தர முடியாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாமல், பையனின் இடது கையைப் பிடித்து என் முட்டியின் மேல் வைத்து, காலை மடக்கி நீட்டிக் காட்டினேன். உள்ளே கரகரவென்று ஒரு சத்தம் வரும், கையில் தெரியும். அவன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

செலக்‌ஷன் போன சனிக்கிழமை முடிந்தது. அவன் போகவில்லை. அப்பா இப்போது லிஃப்டில் என்னைப் பார்த்தால் மொபைலைப் பார்க்கிறார். பையனுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நாளைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். நானும் கூடப் போகிறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கிழிந்த மெனிஸ்கஸின் சொந்தக்காரன் மட்டுமே. முட்டி வலித்தால் என்னைக் கேட்காமல் எலும்பு டாக்டரைக் கேளுங்கள். அவர் "ஆடாதே" என்று சொன்னால், தயவுசெய்து எட்டாவது நாள் இறங்காதீர்கள்.