அந்த 26 பேரை நினைத்தவர் யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கூட்டமும் சந்தா வசூலும் முடிந்து, சங்க அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். இளைஞர்கள் தொலைக்காட்சியில் ஓர் இந்திப் படத்தைப் போட்டார்கள். பெயர் ‘ஸ்பெஷல் 26’. நீரஜ் பாண்டே இயக்கி 2013ஆம் ஆண்டு வந்தது. அக்‌ஷய் குமார், அனுபம் கேர், மனோஜ் பாஜ்பாய் நடித்தது. இந்தக் கதையைத்தான் 2018 பொங்கலுக்கு சூர்யாவை வைத்து ‘தானா சேர்ந்த கூட்டம்’ என்று தமிழில் எடுத்தார்கள். வீட்டுக்குக் கிளம்பிய பெண்களும் நின்றுவிட்டார்கள். அறை நிறைந்துவிட்டது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் சி.பி.ஐ. அதிகாரிகள் போல உடை உடுத்தி, பைல் தூக்கிக்கொண்டு, டில்லியில் ஓர் அமைச்சர் வீட்டில் நுழைகிறார்கள். சோதனை என்கிறார்கள். ஒளித்து வைத்த பணத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அமைச்சர் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் “இவ்வளவு பணம் ஏது?” என்று கேட்பார்களே! இப்படியே ஊர் ஊராகப் போய், கடைசியில் பம்பாய் வருகிறார்கள். வேலைக்கு ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டு, நேர்முகத் தேர்வு நடத்தி, 26 பேரைத் திரட்டுகிறார்கள். நிஜமான சி.பி.ஐ. அதிகாரி ஒரு நகைக்கடையில் வலை விரித்துக் காத்திருக்க, கொள்ளை வேறோர் இடத்தில் நடந்து முடிகிறது. போலீஸ் பக்கம் என்று நாம் நம்பிய ஒருவரும் அந்தக் கூட்டத்து ஆள்தான் என்று முடிவில் தெரிகிறது.

அந்த முடிவு வந்தபோது அறையில் எழுந்த கைதட்டலைக் கேட்டிருக்க வேண்டும்!

பிறகு அவரவர் அபிப்பிராயம். “மூளைன்னா இதுதான் மூளை அண்ணாச்சி” என்றான் ஒரு தம்பி. “காதல் பகுதியை வெட்டியிருந்தால் படம் இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும்” என்றார் ஒருவர். “கறுப்புப் பணம் வைத்திருக்கிறவனிடம்தானே எடுத்தான், ஏழையிடமா எடுத்தான்? இது ஒரு வகையில் நியாயம்தான்” என்றார் தையல் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். “தமிழில் வந்ததுதான் நல்லா இருக்கு, அதில் வேலை கிடைக்காத பையனோட கோபம் இருக்கு” என்றார் ஓர் அம்மா. “ஏமாறுகிறவன் இருக்கிற வரைக்கும் ஏமாற்றுகிறவன் இருப்பான், பேராசை பெருநஷ்டம்” என்று முடித்து வைத்தார் இன்னொருவர்.

நானும் கைதட்டினேன். மறைப்பானேன்? நல்ல படம். பெரிய மனிதர்கள் கைகட்டி நிற்பதைப் பார்க்க, தினமும் கைகட்டி நிற்கிற நமக்கு ஆனந்தமாகத்தான் இருக்கும்.

ஆனால் அன்றிரவு லோக்கல் வண்டியில் வீடு திரும்பும்போது ஒரு கேள்வி முள்ளாகக் குத்தியது. இத்தனை பேர் இத்தனை அபிப்பிராயம் சொன்னோமே, அந்த 26 பேரைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை சொன்னோமா? படத்தின் பெயரே அவர்கள்தான். விளம்பரத்தைப் பார்த்து, சட்டையை இஸ்திரி போட்டு, சான்றிதழை உறையில் வைத்து, வரிசையில் வந்து நின்றவர்கள் அவர்கள். அவர்களில் யாரிடம் கறுப்புப் பணம் இருந்தது?

தோழர்களே, அந்த 26 பேர் கற்பனை அல்ல. 1987 மார்ச் மாதம் இதே பம்பாயில் நடந்தது. புலனாய்வு அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி வேலைக்குப் பட்டதாரிகள் தேவை என்று ஓர் ஆங்கில நாளேட்டில் விளம்பரம் வந்தது. பெரிய நட்சத்திர ஓட்டலில் நேர்முகத் தேர்வு. 26 பேர் தேர்வானார்கள். மார்ச் 19ஆம் தேதி அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி, ஒத்திகைச் சோதனை என்று சொல்லி, ஆபரா ஹவுஸ் பகுதியில் பெயர்பெற்ற ஒரு நகைக்கடைக்கு அழைத்துப் போனான் ஒருவன். சி.பி.ஐ. சோதனை என்று கடைக்காரரிடம் காகிதத்தைக் காட்டினான். நகைகளை மாதிரி பார்க்க வேண்டும் என்று எடுத்து, பையில் போட்டு, முத்திரை வைத்தான். “இங்கேயே காவல் இருங்கள், வருகிறேன்” என்று இந்த 26 பேரிடம் சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். அவன் யார் என்பது இன்றுவரை தெரியாது. வந்த போலீசுக்கு அகப்பட்டவர்கள் யார்? வேலைக்கு வந்த பிள்ளைகள். முதல் நாள் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள், அன்று விசாரணையில் நின்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பிறகுதான் தெளிவானது.

பேராசை பெருநஷ்டம் என்கிறோமே, வேலை கேட்பது பேராசையா?

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2022ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஜூன், ஜூலை மாதங்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 28 பேர் புது டில்லி ரயில் நிலையப் பிளாட்பாரங்களில் நின்றார்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஏறக்குறைய ஒரு மாதம். என்ன வேலை? வருகிற வண்டி எத்தனை, போகிற வண்டி எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று எண்ண வேண்டும். அதுதான் டிக்கெட் பரிசோதகர், கிளார்க் வேலைகளுக்குப் பயிற்சி என்று சொல்லியிருந்தார்கள். இதற்கு ஒவ்வொருவரும் 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய். பெரும்பாலோர் பொறியியலோ தொழிற்கல்வியோ படித்தவர்கள். மருத்துவப் பரிசோதனை நடத்தி, சான்றிதழ் சரிபார்த்து, எல்லாம் முறைப்படி நடப்பது போலவே காட்டியிருக்கிறார்கள்.

நான் ரயில்வேயில் கிளார்க். வண்டி வந்த நேரமும் போன நேரமும் ஸ்டேஷன் மாஸ்டர் ரிஜிஸ்டரிலும் கண்ட்ரோல் ஆபீசிலும் பதிவாகிவிடும். பிளாட்பாரத்தில் ஆளை நிறுத்தி வண்டி எண்ணும் வேலை எங்கள் இலாகாவில் கிடையாது. எங்களில் யாரிடமாவது அந்தப் பிள்ளைகள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம் என்றுதான் செய்தியைப் படித்தபோது நினைத்தேன். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் ஏது? கேட்டபோது நான் சொல்லவில்லையே!

நாலு வருஷத்துக்கு முன் எங்கள் சாலில் ஓர் அக்காள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாலு வீட்டில் பாத்திரம் துலக்கி, மகனை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தவர். கையில் ஓர் உத்தரவு. மேலே சிங்க முத்திரை, கீழே வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. “தம்பி, நீங்க ரயில்வேயிலதான இருக்கிய, இது சரியான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. எந்த அறிவிப்பின்படி தேர்வு நடந்தது என்ற எண்ணே அதில் இல்லை. பையன் பரீட்சையே எழுதவில்லை.

நான் என்ன சொன்னேன்? “விசாரித்துச் சொல்கிறேன் அக்கா” என்றேன். அதற்கு முன் ஒரு குடும்பத்துக்கு உள்ளதை உள்ளபடி சொல்லப்போய், “தான் மட்டும் ரயில்வேயில உக்காந்துக்கிட்டு நம்ம பிள்ளைய வரவிடமாட்டான்” என்று ஏச்சு வாங்கியிருந்தேன். எனக்கே வேலை கிடைத்தது, அப்பா பணியில் இருக்கும்போது இறந்ததால். பத்தாவது படித்த எனக்கு அப்படி ஒரு வழி திறந்தது, அந்தப் பையனுக்கு இல்லை. அந்தக் கூச்சமும் சேர்ந்துகொண்டது. பத்து நாள் கழித்துப் போனேன். அதற்குள் கடைசித் தவணை ஒன்றரை லட்சத்தைக் கட்டிவிட்டிருந்தார்கள். மொத்தம் நாலு லட்சம். தாலிச் சங்கிலி, சீட்டுப் பணம், ஊரில் இருந்த அரை ஏக்கர். பணம் வாங்கியவன் போன் அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை. பையன் இன்று டெம்போவில் மூட்டை ஏற்றுகிறான். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். குனிய வேண்டியது நான்.

போலீசுக்குப் போகலாம் என்று எவ்வளவோ சொன்னேன். அக்காள் மறுத்துவிட்டார். “லஞ்சம் கொடுத்தியான்னு நம்மளத்தான் தம்பி பிடிப்பாவ. சாலில் தெரிஞ்சா சிரிப்பாவ” என்றார்.

இங்கேதான் படம் எனக்குப் புதிதாகப் புரிந்தது. அமைச்சர் ஏன் புகார் கொடுக்கவில்லை? பணம் வந்த வழி வெளியே தெரிந்துவிடும் என்று. அதைப் பார்த்து நாம் சிரித்தோம். அந்த அக்காள் ஏன் புகார் கொடுக்கவில்லை? பணம் போன வழி வெளியே தெரிந்துவிடும் என்று. திருடன் பணக்காரன் வாயைப் பூட்டிய அதே பூட்டைத்தான் ஏழை வாயிலும் மாட்டுகிறான். அமைச்சருக்குப் போனது ஒரு மூலையில் இருந்த பணம். நமக்குப் போவது இருந்ததெல்லாம். “பணக்காரனிடம்தானே எடுத்தான்” என்று கைதட்டுகிற நாம், அந்தப் பூட்டின் சாவி நம் சிரிப்பில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஏமாந்தவனைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயம் இருக்கிற வரைக்கும் அவன் வாய் திறக்க மாட்டான். அவன் வாய் திறக்காத வரைக்கும் அடுத்த வீட்டுக் கதவை அதே ஆள் தட்டுவான்.

நம் பிள்ளைகள் ஏன் இவ்வளவு சுலபமாக விழுகிறார்கள்? முட்டாள்களா? இல்லை. 2019இல் ரயில்வே 35,281 இடங்களுக்கு அறிவிப்புக் கொடுத்தது. விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 25 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு 350 பேருக்கு மேல்! பரீட்சை, முடிவு என்று வருஷக்கணக்கில் இழுத்து, 2022 ஜனவரியில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இளைஞர்கள் தண்டவாளத்தில் இறங்கினார்கள், பெட்டிகள் எரிந்தன. நேர்வழியில் இத்தனை நெரிசல் இருக்கும்போது “பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது” என்று ஒருவன் வந்து சொன்னால், நம்பாமல் என்ன செய்வான்? காலியிடங்களைக் காலத்தில் நிரப்பு, தேர்வைக் காலத்தில் முடி என்று நாம் கேட்பது வேலைக்காக மட்டுமல்ல, இந்த மோசடிக்காரர்களின் பிழைப்பை ஒழிக்கவும்தான்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். தாய்மார்களே, இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே வேலைக்கு ஆள் எடுப்பது ரயில்வே தேர்வு வாரியங்களும் தேர்வு மையங்களும்தான். ஒவ்வொரு தேர்வுக்கும் எண்ணிட்ட அறிவிப்பு உண்டு, அது அந்த வாரியத்தின் இணையதளத்திலேயே இருக்கும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பரீட்சை எழுதாமல் இந்த வேலைகள் கிடையாது. கிளார்க், டிக்கெட் பரிசோதகர் போன்ற பதவிகளுக்கு 2016 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. ஆகவே “இன்டர்வியூவில் எனக்கு ஆள் இருக்கிறது” என்று ஒருவன் சொன்னால், அந்த ஒரு வார்த்தையிலேயே அவன் பொய்யன் என்று தெரிந்துகொள்ளலாம். விண்ணப்பக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், அதிலும் பரீட்சைக்குப் போனால் பெரும்பகுதி திரும்ப வரும். அதற்கு மேல் ஒரு பைசா கேட்டாலும் மோசடி.

இன்னொன்று. 1987இல் காகிதம் காட்டி நுழைந்தவன், இன்று போனில் நுழைகிறான். “சி.பி.ஐ. பேசுகிறேன், உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறேன்” என்று வீடியோவில் சீருடையுடன் தோன்றுகிறான். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பணம் கொடுத்து ஏமாந்தவர்களும் புகார் கொடுக்கலாம். டில்லி விஷயம் வெளிவந்ததே ஏமாற்றப்பட்டவர்கள் பக்கமிருந்து ஒரு பெரியவர் போலீசுக்குப் போனதால்தான். நாம் 420 என்று சொல்லிச் சிரிக்கிற குற்றம், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 318ஆம் பிரிவு. எண் மாறினாலும் குற்றம் குற்றம்தான்.

இனி மாதக் கூட்டம் முடிந்து சங்க அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். யார் வீட்டில் எந்த உத்தரவு வந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் கொண்டுவாருங்கள். “விசாரித்துச் சொல்கிறேன்” என்று இனி சொல்ல மாட்டேன். பொய் என்றால் பொய் என்று அங்கேயே சொல்வேன். ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை. ஏற்கெனவே ஏமாந்தவர்களும் வாருங்கள். காவல் நிலையத்துக்கு நான் கூட வருகிறேன். அந்த அக்காளிடமும் மறுபடி கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

படம் பாருங்கள், கைதட்டுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை அந்த 26 பேர் வரிசையில் வந்து நிற்கும் காட்சி வரும்போது மட்டும் அவர்கள் முகத்தைப் பாருங்கள். அதில் ஒன்று உங்கள் சாலில் இருக்கும்.