வைரஸ் மாதிரியும் தடுப்பு மருந்தும்

பறவைக் காய்ச்சலை விளைக்கும் ஹெச்5என்1 வைரஸ், 1997-ம் வருஷத்தில் ஹாங்காங்கில் 18 பேரைப் பீடித்து 6 பேரைக் கொன்றது முதல் ஒரே ரூபத்தில் நின்றதில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவைப் பசுக்களிடத்தும் அது காணப்பட்டது. 2003 முதல் அதன் வாய்ப்பட்ட 900-க்கு மேற்பட்ட மனிதரில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். மனிதரிடையே எளிதிற் பரவும் சக்தியை அது பெறுமாயின், புதிய ரூபத்துக்கேற்ற தடுப்பு மருந்தை விரைந்து செய்தாக வேண்டும். அதற்கு நோய் கண்ட தேசம் வைரஸ் மாதிரியைத் தரவேண்டும். தந்த தேசத்துக்கு மருந்து கிட்டுமா என்பதே நாம் ஈண்டு ஆராயும் விஷயம்.

இக்கேள்வியைத் துணிந்து கிளப்பியது இந்தோனேஷியா. இந்நோய்க்கு அங்கு இறந்தவர் போல் வேறெங்கும் இறக்கவில்லை. நோயுற்ற 200 பேரில் 168 பேர் மாண்டனர். அந்நாட்டு மாதிரியைக் கொண்டு ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று தடுப்பு மருந்து செய்ய முற்பட்டதையும், அதை விலை கொடுத்து வாங்கத் தம் ஜனங்களுக்குச் சக்தியில்லை என்பதையும் கண்ட சுகாதார மந்திரி ஸ்ரீமதி சிதி ஃபடிலா சுபாரி, 2007-ல் மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். கிராம்பையும் ஜாதிக்காயையும் வாரிச் சென்ற டச்சுக்காரர் காலத்திலிருந்தே அந்நாட்டார் இவ்வித வியாபாரத்தை அறிவர்!

அவரைக் கடிந்தவர் பலர். அவ்வாயுதம் அபாயகரமானது என்பதை நாமும் மறுக்கவில்லை. மாதிரி வராவிடில் வைரஸின் மாறுதலை உலகம் அறியும் வழி குறையும். அதனால் முதலில் பலியாவோரும் இந்தோனேஷியரே. ஆயினும் முறையீடு நியாயமானது. அது வீண் போகவுமில்லை. 2011-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு திட்டம் வகுத்தது. மாதிரியைப் பெறும் கம்பெனிகள், கொள்ளைநோய்க் காலத்தில் உற்பத்தியில் ஒரு பங்கை ஒப்பந்தப்படி ஒதுக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

சட்டம் பயின்றவர் இதிலுள்ள ஓட்டையை எளிதிற் காண்பர். ஒப்பந்தம் பேசுவது மாதிரியைப் பற்றி. வைரஸின் மரபணு வரிசை கிடைத்தாலோ, மாதிரியைத் தொடாமலே இன்று மருந்து செய்யலாம். 2025 மே மாதம் ஏற்கப்பட்ட கொள்ளைநோய் உடன்படிக்கையில் மரபணு வரிசையும் சேர்க்கப்பட்டது. உற்பத்தியில் 20 சதவிகிதம் இலக்கு என்றும், அதில் குறைந்தது 10 தானமென்றும் குறித்தனர். ஆனால் இது நடைமுறைக்கு வரும் விதமனைத்தையும் பின்னிணைப்புக்கு ஒத்திவைத்தனர். கம்பெனிகளின் கையெழுத்து நோய் பரவுமுன் வாங்கப்படாவிடில் அந்த 20 ஏட்டளவிலேயே நிற்கும் என்பது நம் அபிப்பிராயம். பசுக்களிடம் வைரஸைக் கண்ட அமெரிக்காவோ, உடன்படிக்கைக்கு நான்கு மாதம் முன்னரே, அந்த ஸ்தாபனத்தினின்றும் விலகுவதாக உத்தரவு பிறப்பித்துவிட்டது.