அண்டை வீட்டார் இல்லாத ஊரில் வீடு எதற்கு?

ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில், கிரனாடா மாகாணத்தில், அல்முன்யேகர் என்றோர் ஊர் உள்ளது. அரபியில் அதன் பெயர் அல்முனக்கப். உமய்யா இளவரசர் அப்துர் ரஹ்மான் 755-ஆம் ஆண்டு கரையிறங்கியது அங்குதான். கோட்டையை நோக்கி ஏறும் குறுகிய தெருக்களும், சீத்தா இனத்துச் சிரிமோயாப் பழத்தோட்டங்களும் அவ்வூரின் அடையாளங்கள். அங்கு வாய்க்காலை 'அசேக்கியா' என்பர். 'அஸ்ஸாகியா' என்ற அரபுச் சொல்லே அப்படித் திரிந்தது. இத்தகைய ஊரில் வீடு வாங்கும் ஆசை, ஐரோப்பாவில் வசதியுடன் வாழும் நம் சகோதரர்களுக்கு எழுவது இயல்பே.

ஆயினும், ஊரின் தனித்தன்மை கற்சுவர்களில் இல்லை, குடியிருப்போரிடம் இருக்கிறது. ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகளும், பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளும் பெருகினால், உள்ளூர் இளைஞருக்குக் குடியிருக்க வீடு கிடைக்காது. பள்ளியில் பிள்ளைகள் குறைவர். 2024-இல் மலாகா மக்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்து முறையிட்டது இதைத்தான்.

2025 ஏப்ரல் 3 முதல் ஸ்பெயினில் சட்டம் மாறியது. 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கியோருக்கு வதிவிட அனுமதி வழங்கும் வழி மூடப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்க, உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் ஒப்புதல் கட்டாயமாயிற்று.

அண்டை வீட்டாரின் இசைவு என்பது நம் ஃபிக்ஹுக்குப் புதிதன்று. சொத்து விற்கப்படும்போது அதைத் தாமே பெற்றுக்கொள்ளும் 'ஷுஃப்ஆ' உரிமையை ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகள் கூட்டுப் பங்காளிக்கு வழங்குகின்றன. ஹனஃபி மத்ஹப் அண்டை வீட்டாருக்கும் வழங்குகிறது. புதிதாக வருபவரால் ஏற்கெனவே இருப்பவருக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

"ஹலாலான பணத்தில் வாங்குகிறோம், பிறகென்ன?" எனச் சிலர் கேட்கலாம். வட்டிக் கடனின்றி வாங்குவது முதல் நிபந்தனை மட்டுமே. சொத்துப் பதிவகத்தில் வில்லங்கம் பார்க்க வேண்டும். குடியிருப்புச் சங்கத்திற்கு விற்பவர் வைத்த பாக்கியில், நடப்பாண்டும் அதற்கு முந்தைய மூன்றாண்டுகளும் சொத்தோடு சேர்ந்து வாங்குபவர் மீது விழும் என்பதையும் அறிய வேண்டும். அதன்பின் நம்மை நாமே கேட்போம்: அங்கு வாழப்போகிறோமா? அவர்களின் மொழியைக் கற்போமா? சில வாரம் ஓய்வெடுக்கத்தான் என்றால் விடுதி போதுமே!

'அது நம் முன்னோர் ஆண்ட மண்' என்ற பெருமிதம் எந்த உரிமையையும் தராது. இன்று அங்கு வாழ்வோரே நமக்கு அண்டை வீட்டார். அவர்கள் முஸ்லிம் அல்லர் என்பதால் அவர்களின் ஹக்கு குறைந்துவிடாது. அதை நிறைவேற்ற இயலாதவர் அங்கு வீடு வாங்காதிருப்பதே பேணுதலுக்கு நெருக்கமானது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.