மக்கள் இட்ட சத்தியம்

கி. மு. 494இல், கடன் சுமையால் நொந்த ரோமாபுரிப் பாமர மக்கள், படைக்குச் செல்ல மறுத்துப் புனித மலையில் ஒதுங்கினர் என்பது வரலாற்று மரபு. வாளெடுக்க ஆளற்ற பிரபுக்கள் இணங்கினர். 'திரிபியூன்' என்னும் மக்கட் காவலர் பதவி பிறந்தது. கொன்சலின் ஆணையையும் தடுக்க வல்லவர் அவர். அவர்தம் இல்லக் கதவு இரவும் பகலும் திறந்திருத்தல் வேண்டும். (நம் பிரதிநிதிகளின் கதவுகளைப் பற்றி நாம் எதுவும் கூறவில்லை.)

அவருக்குக் கவசமாய் நின்றது சட்டப் புத்தகமன்று. அவரைத் தீண்டுவோனைக் கொல்வோம் என மக்கள் இட்ட சத்தியமே. சட்டம் பயின்ற நாம் இதனை ஊன்றி நோக்குகிறோம்.

பிரபுக்களோ அத்தடையுரிமையையே தமக்கு ஆயுதமாக்கினர். கி. மு. 133இல் திபேரியஸ் கிராக்கஸ் பொது நிலத்தை ஏழை உழவர்க்குப் பகிர முனைந்தபோது, குறுக்கே நின்றவர் மற்றொரு திரிபியூனாகிய ஒக்டேவியஸ்! மக்கள் வாக்களித்து அவரை நீக்கினர். ஆனால், அவ்வாண்டே கிராக்கஸை செனட்டர் கூட்டம் அடித்துக் கொன்று தைபர் நதியில் எறிந்தது. மக்களின் சத்தியம் அன்று எங்கே போயிற்று?