கனவுக்குப் பலன் பார்க்காதீங்க, எழுதி வையுங்க!



அப்துல் கலாம் ஐயா நம்மைக் காணச் சொன்னது விழித்துக்கொண்டே காணும் கனவு. நான் எழுத வந்தது ராத்திரி தூக்கத்தில் வரும் கனவைப் பற்றி.

'கனவு கண்டேன்' என்று சொன்னாலே போதும், பலன் சொல்ல ஆள் வந்துவிடும். பாம்பு வந்தால் இது, பல் விழுந்தால் அது! என் தோழி ஒருத்திக்குப் பல் எல்லாம் கொட்டுவது போல் கனவு வந்தது. 'வீட்டில் யாருக்கோ ஆகாது' என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவள் அப்பா லாரி டிரைவர், அப்போது நாசிக் லோடு போயிருந்தார். நாலு நாள் அவள் சரியாச் சாப்பிடலை, படிக்கலை. அப்பா நல்லபடியாக வந்து இறங்கினார். அந்த நாலு நாளை யார் திருப்பித் தருவது?

'விடியற்காலைக் கனவு பலிக்கும்' என்கிறார்கள். விஞ்ஞானம் வேறு சொல்கிறது. தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் நேரம் உண்டு என்று 1953-இல் சிகாகோவைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் எழுதினார்கள். தெளிவான கனவுகள் அதிகம் வருவது அப்போதுதான். சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை அது வரும். விடிய விடிய அதன் நேரம் நீளும். அப்போது முழிப்புத் தட்டினால் கனவு ஞாபகம் இருக்கும். ஆக, விடியற்காலைக் கனவு பலிக்கலை, மறக்காமல் நிற்குது. அவ்வளவுதான்!

ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி சொன்ன கதை இது. நடு ராத்திரியில் கனவில் ஒரு பரிசோதனை தோன்ற, எழுந்து கிறுக்கி வைத்தார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியலை! மறுநாள் இரவும் அதே கனவு. உடனே ஆய்வுக்கூடம் போய்த் தவளை இதயத்தில் செய்து பார்த்தார். நரம்புகள் ரசாயனம் மூலம் செய்தி அனுப்புவது தெரிந்தது. 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த யோசனை கனவுக்கு 17 வருஷம் முன்பே அவர் மனசில் வந்ததுதானாம்!

என் கருத்து இதுதான். கனவு நாளைக்கு நடப்பதைச் சொல்வதில்லை, மனசில் கிடப்பதைக் காட்டுது. என் தோழியின் மனசில் கிடந்தது அப்பாவைப் பற்றிய கவலை.

நான் ரெண்டு மாசமா ஒரு பழைய நோட்டில் கனவுகளை எழுதுறேன். முதல் வாரம் ரெண்டுதான். இப்போ வாரத்துக்கு ஐந்தாறு! எழுத்தே இல்லாத கேள்வித்தாள், கணக்குச் சொல்லித் தரும் ஆடு, மொட்டை மாடியில் ஓடும் ரயில்... போன வருஷம் தவறிப்போன எங்க ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டதும் அதில் இருக்கு. எழுதாட்டி பல் தேய்ப்பதற்குள் மறந்திருக்கும்.

நீங்களும் முழிச்சதும் அசையாமல் ஒரு நிமிஷம் யோசிங்க. தேதி போட்டு எழுதுங்க. பயமுறுத்தும் கனவா? பலன் கேட்காதீங்க, மனசில் என்ன பயம்னு உங்களையே கேளுங்க. முக்கியமா, கையெழுத்து புரியும்படி இருக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி