ஒழுங்கும் ஓட்டமும்

ஒழுங்கு வேண்டும், ஒழுங்கு வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்கு ஓயாது போதிக்கின்றோம். அப்போதனையில் தவறில்லை. ஆயினும், ஒழுங்கு மிகுந்துவிட்டால் வேலை நடவாது நின்றுவிடும் இடமொன்று இயற்கையில் உண்டு. அவ்விடத்தை இவ்வாரம் பார்த்து வருவோம்.

நமது அடுக்களை உப்பிலே அடங்கியிருக்கும் சோடியம் என்னும் உலோகத்தை, 1807ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ஹம்பிரி டேவி எரிசோடாவினூடே மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தெடுத்தார். மின்சாரத்தாற் பிறந்த அவ்வுலோகம், இன்று மின்சாரத்தைச் சேமித்துக் கொடுக்கும் பணிக்கு அழைக்கப்பட்டிருக்கின்றது. இப்பணியை இதுவரை பெரிதும் செய்து வந்தது அதன் உறவாகிய இலித்தியம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃப் குழுவினர் இலித்தியக் கோபாற்று ஒட்சைட்டின் திறனை 1980ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே காலத்தில் பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகரில் குளோட் டெல்மாஸ் முதலியோர் சோடியக் கோபாற்று ஒட்சைட்டை ஆராய்ந்துகொண்டிருந்தனர். இரண்டும் ஒருவயதுப் பிள்ளைகளே. ஆனால் இலித்திய அணுவின் நிறை 7, சோடிய அணுவின் நிறையோ 23. இலேசான பிள்ளையே முந்திற்று. 1991ஆம் ஆண்டில் இலித்திய மின்கலம் சந்தைக்கு வந்தது. 2019ஆம் ஆண்டில் குடினஃப் உட்பட மூவர் அதற்காக நொபெல் பரிசும் பெற்றனர். சோடியம் நெடுங்காலம் ஒதுங்கியே நின்றது.

இப்பொழுது நிலைமை மாறிவருகின்றது. இலித்தியம் சில தேசங்களிலேயே பெரும்பாலும் அகழப்படுகின்றது. சோடியமோ கடல்நீர் எங்கும் கரைந்து கிடக்கின்றது. ஆகவே, மலிவான மின்கலத்தை நாடுவோர் மீண்டும் சோடியத்தை அணுகியுள்ளனர்.

இம்மின்கலத்தின் நேர்மின்வாயை ஒரு மாடிவீடாக எண்ணிக்கொள்வோம். உலோக அணுக்களும் ஒட்சிசனும் சேர்ந்த படைகள் அதன் தளங்கள். தளங்களுக்கிடையே சோடிய அயன்கள் குடியிருக்கின்றன. மின்னேற்றும்போது அவை வெளியேறி மறுமுனையிலுள்ள காபனிற் புகும். மின்னைப் பயன்படுத்தும்போது வீடு திரும்பும். குடியிருக்கும் அறையின் வடிவம் இருவகை. எட்டு முகமுடைய அறையை ஓ என்றும், அரிய வடிவான அறையைப் பீ என்றும் டெல்மாஸ் குழுவினர் குறித்தனர். எத்தனை தளங்களுக்கு ஒருமுறை அமைப்பு மீண்டும் வருகின்றது என்பதைப் பக்கத்திலுள்ள எண் காட்டும். ஓ3 வீட்டில் அயன் அடுத்த அறைக்குப் போவதற்கு இடையிலுள்ள ஒடுங்கிய சந்தொன்றில் நெருக்குண்டு நுழைய வேண்டும். பீ2 வீட்டிலோ இரண்டு அறைகளுக்கும் பொதுவான அகன்ற வாயில் உண்டு, ஓட்டம் எளிது. எனினும் ஓ3 வீட்டிற் குடிகள் நிறைந்திருப்பர். பீ2 வீட்டில் தொடக்கத்திலேயே மூன்றில் ஒரு பங்கு இடம் பெரும்பாலும் வெறுமையாயிருக்கும்.

இனித்தான் ஒழுங்கின் கதை. சோடிய அயன்கள் யாவும் நேரேற்றம் உடையன. ஆதலால் ஒன்றையொன்று தள்ளும். பரீட்சை மண்டபத்தில் மாணவர்களை இடைவெளி விட்டு இருத்துவதுபோல, அவை தாமாகவே விலகி விலகி அமர்ந்துகொள்ளும். சோடியத்தின் அளவு சரிபாதியாகும்போது சோடியக் கோபாற்று ஒட்சைட்டில் அவை வரிசை வரிசையாக நிலைகொள்கின்றன. அவ்வரிசையில் ஒன்று எழுந்து நகர வேண்டுமானால் அயலிலுள்ளவற்றின் அமைதியும் குலையவேண்டும். அதனால் ஓட்டம் தடைப்படுகின்றது.

இதனைக் கண்ணாற் காணவும் வழியுண்டு. டெல்மாஸ் குழுவினர் 2011ஆம் ஆண்டில் இப்பொருளிலிருந்து சோடியத்தை மிக மெதுவாக எடுத்து, மின்னழுத்தத்தை அளந்து வரைந்தனர். கோடு வழுவழுப்பாக அமையவில்லை, படிக்கட்டுப்போல் அமைந்தது. திடீரென மின்னழுத்தம் மாறும் ஒவ்வோரிடமும் அயன்கள் ஒரு தனி ஒழுங்கில் அமர்ந்த அளவைச் சுட்டிற்று.

துன்பம் இத்தோடு முடியவில்லை. நிக்கலும் மங்கனீசும் கலந்த பீ2 ஒட்சைட்டைக் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் லூ, டான் என்போர் ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். சோடியம் பெரும்பாலும் வெளியேறியபின் தளங்கள் ஒன்றன்மேலொன்று சறுக்குகின்றன, வீடே சுருங்குகின்றது. சுருங்கியும் விரிந்தும் நாளடைவில் துகள்கள் வெடிக்கின்றன. குடிகள் முற்றாகப் போய்விட்டால் வீடும் நிலைகுலையும் என்பதை நாம் இங்கே காண்கிறோம்.

பரிகாரம் யாது? தளங்களிலே பல உலோகங்களைக் கலப்பதே ஒரு வழி. குரோமியத்தையும் தைத்தானியத்தையும் கலந்த பீ2 ஒட்சைட்டொன்றைச் சீன ஆய்வாளர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்விரு அயன்களும் பருமனில் ஏறக்குறைய ஒத்தவை. இலத்திரனைக் கொடுத்து வாங்கும் இயல்பிலோ வேறுபட்டவை. எனவே தளத்தில் ஒழுங்கு ஏற்படுவதில்லை; தளத்தில் இல்லாத ஒழுங்கு குடிகளுக்கும் ஏற்படுவதில்லை. சோடியம் தடையின்றி விரைந்து ஓடுகின்றது. ஆனால் இதற்கும் விலை உண்டு. வேலை செய்யாத உலோகத்தை மிகுதியாகக் கலந்தால் சேமிக்கும் மின்னின் அளவு குறையும். எவ்வளவு கலப்பது என்பதே இன்றைய ஆய்வுகூடங்களின் கவலை.

அக்கவலை வீண்போகவில்லை. 2024ஆம் ஆண்டில் சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் 100 மெகாவாற்று-மணி அளவு மின்னைச் சேமிக்கும் சோடிய மின்கல நிலையம் இயங்கத் தொடங்கிற்று. பகலில் வந்த வெயிலை இரவு விளக்குக்கு வைத்திருக்கும் வழி மலிவாகுமானால், பயன் பெறுவன செல்வத் தேசங்கள் மட்டுமல்ல.

ஒழுங்கு வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. தளங்கள் ஒழுங்காய் நில்லாவிடில் வீடே இல்லை. வீடு உறுதியாய் இருக்கட்டும். உள்ளே இருப்போர் நடமாட இடமும் இருக்கட்டும். பிள்ளைகளை வளர்ப்போருக்கும் இது தெரியாத செய்தியன்று.